பீரங்கியும் வெந்நீரும்

பௌதிக நூல்களில் வெப்பத்தைப் பற்றிய பாடந் தொடங்குமிடத்து ஒரு பெயர் வரும். ரம்போட் பிரபு என்பார் பீரங்கி துளைக்குமிடத்திலே வெப்பம் பிறத்தலைக் கண்டார் என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வரியிலே யூல் என்னும் அறிஞர் வந்துவிடுவார். மாணாக்கர் அவ்வொரு வரியை மனனஞ் செய்து, வினாத்தாளில் எழுதி, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவர். இலக்கணமும் இலக்கியமுங் கற்பிப்பதே எனது தொழில். விஞ்ஞானம் என் துறையன்று. ஆயினும் அவ்வொரு வரியின் பின்னே நின்ற மனிதனின் வாழ்வை அறிய நேர்ந்தபோது, அதனை ஆசிரியரும் மாணாக்கரும் அறிதல் வேண்டுமென்னும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

பீரங்கியைப் பற்றியும் வெடிமருந்தைப் பற்றியும் நம் நாட்டில் எழுதுதல் எளிதன்று. எறிகணை வீழும் ஓசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் நம்மிடையே வாழ்கின்றது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னரும், திருவிழாவிலே வாணம் வெடித்தால் திடுக்கிட்டுத் தாயின் சேலையைப் பற்றிய பிள்ளைகளை யான் கண்டதுண்டு. ஆகலின், வெடிமருந்தை வியந்து எழுதுதல் என் கருத்தன்று. அபாயமான விளையாட்டொன்றிலே தொடங்கிய ஒரு சிறுவனின் ஆவல் எவ்வாறு மெய்யறிவாக முதிர்ந்தது என்பதையும், அவ்வறிவு அவனது ஒழுக்கத்தைத் திருத்த வல்லதாயிற்றா என்பதையுமே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

பெஞ்சமின் தொம்சன் என்பது அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர். வட அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் குடியேற்றத்திலுள்ள வூபன் என்னும் ஊரில் 1753ஆம் ஆண்டு மார்ச் 26ஆந் திகதி அவர் பிறந்தார். உழவர் குடி. பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தை இறந்தார். தாய் மறுமணஞ் செய்தார். உழவிலே மனஞ் செல்லாத சிறுவனைப் பதின்மூன்றாம் வயதிற் சேலம் என்னுந் துறைமுகப் பட்டினத்து வணிகர் ஒருவரிடந் தொழில் பழக விட்டனர். கணக்கேடு எழுதவேண்டிய கை, படம் வரைதலிலும் பொறிகளைச் செதுக்குவதிலும் சென்றது. ஒருமுறை இயக்கினால் ஓயாது இயங்கும் பொறியொன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணி, இரவோடிரவாகச் சொந்தவூருக்கு நடந்து சென்று, தன் நண்பன் லோமி போல்ட்வினிடம் அதனை விளக்கினான் என்பர். அப்பொறி இயங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும், ஒரு பொருள் ஓயாது தரவல்லது எது, தரமாட்டாதது எது என்னும் வினா அவனைப் பின்னும் விடவில்லை.

அக்காலத்தில் ஆங்கில அரசு குடியேற்றங்கள் மீது முத்திரை வரிச் சட்டம் ஒன்றை விதித்திருந்தது. 1766ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. அம்மகிழ்ச்சியைக் கொண்டாடத் தொம்சன் தானே வாணங்கள் செய்யப் புகுந்தான் என்று அவன் வரலாற்றை எழுதியோர் கூறுவர். சரக்குகளை அரைத்துக்கொண்டிருக்கையிலே அவை தீப்பற்றி வெடித்தன. முகமும் மார்புங் கருகின. கண்ணொளி போய்விடுமோ என அஞ்சினர். ஊருக்குக் கொண்டு சென்று நெடுநாள் மருத்துவஞ் செய்த பின்னரே அவன் தேறினான்.

இவ்விடத்தில் ஓர் ஆசிரியனாகச் சற்றே நின்று பேச விரும்புகின்றேன். தீபாவளிக் காலத்தில் வீட்டிலே வெடி செய்யப் போய் வலக்கை விரல்கள் இரண்டை இழந்த மாணாக்கன் ஒருவனை யான் கற்பித்தேன். இடக்கையால் எழுதப் பழகுவதற்கு அவனுக்கு ஓராண்டு சென்றது. அவன் எழுதிய கோணல் எழுத்துக்களைத் திருத்தியபோதெல்லாம், இத்தகைய விளையாட்டைத் தடுப்பதில் எவ்வித இரக்கமுங் காட்டுதலாகாது என்றே எண்ணினேன். இன்றும் அவ்வாறே எண்ணுகின்றேன். ஆயினும் தடுத்தல் ஒன்று, விடையளித்தல் வேறொன்று. கைப்பிடி கரித்தூளுக்குள்ளே இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது என்னும் வினா அப்பிள்ளையின் உள்ளத்தில் இருந்திருக்கும். பிரம்பு அவ்வினாவுக்கு விடையாகாது. தொம்சனுக்கு நேர்ந்த நற்பேறு, கண் பிழைத்தமை மட்டுமன்று; வினாவும் பிழைத்தமையாம்.

தேறிய பின்னர் அவன் போஸ்ரனிலே துணிக்கடையிற் சில காலம் இருந்தான். மருத்துவர் ஒருவரிடம் மருத்துவம் பயின்றான். கேம்பிரிட்ஜ் நகரத்து ஹாவாட் கல்லூரிக்குப் போல்ட்வினுடன் கால்நடையாகச் சென்று பேராசிரியர் ஜோன் வின்திரொப்பின் விரிவுரைகளைக் கேட்டான். பின்னர் நியூ ஹாம்ஷயரிலே கொன்கோட் என்னும் ஊரில் ஆசிரியனானான். அவ்வூரின் பழம்பெயர் ரம்போட். அங்கே 1772ஆம் ஆண்டில், தன்னினும் பதினான்கு வயது மூத்தவரும் பெருஞ்செல்வருமான கைம்பெண் ஒருவரை மணந்தான். மணக்கும்போது மாப்பிள்ளைக்கு வயது பத்தொன்பது. ஏழை ஆசிரியன் ஒரேநாளிலே நிலக்கிழார் ஆனான். குடியேற்ற ஆளுநரின் அன்பைப் பெற்றுப் படையில் மேஜர் பதவியும் எய்தினான்.

இதன்பின் வருவது மறைத்தற்குரியதன்று. அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலை வேண்டிக் கிளர்ந்த காலம் அது. தொம்சன் அரசர் பக்கஞ் சார்ந்தார். பக்கஞ் சார்தல் குற்றமன்று. மனச்சாட்சியின்படி அவ்வாறு சார்ந்தோர் பலர் இருந்தனர். 1774ஆம் ஆண்டின் இறுதியில் ஊரார் திரண்டு வந்தபோது, மனைவியையும் பிறந்து சில கிழமையே ஆன பெண் மகவையும் விட்டு அவர் தப்பியோடினார். தாய்வீடாகிய வூபனில் இருந்துகொண்டு, தாம் எப்பக்கமும் சாராதவர் என்று அயலார்க்குக் காட்டியவாறே, ஆங்கிலப் படைத்தலைவர் கேஜ் என்பவருக்குக் கண்ணுக்குப் புலனாகா மையினாற் செய்தி எழுதியனுப்பினார். 1775ஆம் ஆண்டு மே மாதத்து அக்கடிதம் தொம்சனுடையதே என ஆராய்ச்சியாளர் இருபதாம் நூற்றாண்டிலே நிறுவினர். இரசாயன அறிவை அவர் முதன்முதல் அரசியலுக்குப் பயன்படுத்தியது இவ்வொற்றுத் தொழிலிலேயாம்.

1776ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை போஸ்ரனைக் கைவிட்டபோது அவர் இலண்டனுக்குச் சென்றார். குடியேற்ற அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சர் ஜோர்ஜ் ஜெர்மேன் பிரபுவின் ஆதரவு கிடைத்தது. 1778ஆம் ஆண்டுக் கோடையில் அப்பிரபுவின் நாட்டுப்புற மாளிகையாகிய ஸ்ரோன்லண்ட் லொட்ஜிலே அவர் தங்கியிருந்தார். பிறர் வேட்டையாடியும் சீட்டாடியும் பொழுது போக்கும் இடத்தில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தம்மைச் சுட்ட வெடிமருந்தை மீண்டும் கையிலெடுத்தார். இம்முறை ஊசலும் தராசும் அளவுகோலும் உடன் இருந்தன.

அக்காலத்து வெடிமருந்து வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றன் சேர்க்கை. இங்கிலாந்துக்கு வேண்டிய வெடியுப்பின் பெரும்பகுதி பீகாரிலும் வங்காளத்திலுமிருந்து கப்பலேறிச் சென்றது. அதன் வலிமையை அளக்கும் முறையொன்றைப் பெஞ்சமின் ரொபின்ஸ் என்பவர் முன்னரே கண்டிருந்தார். தொங்கும் கட்டையின் மீது குண்டு பாயச் செய்து, கட்டை எவ்வளவு தூரம் அசைந்தது என்று நோக்கிக் குண்டின் வேகத்தைக் கணித்தல் அம்முறை. தொம்சன் துப்பாக்கிக் குழலையே தொங்கவிட்டு, அது பின்னுதைக்கும் தூரத்தையும் அளந்தார். இவ்வாராய்ச்சி 1781ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. அதற்கு ஈராண்டு முன்னரே அவர் அச்சங்கத்தின் உறுப்பினராகியிருந்தார்.

குண்டின் வேகத்தை அளக்கச் சென்றவர் தாம் தேடாத ஒன்றையும் அங்கே கண்டார். சுட்ட பின்னர்க் குழலைக் கையால் தொட்டு நோக்கும் வழக்கம் அவர்க்கு இருந்தது. குண்டிட்டுச் சுடுங்காலினும், குண்டின்றி மருந்தை மாத்திரம் இட்டுச் சுடுங்காற் குழல் மிகுதியாகச் சூடேறியது. இது பொதுவான எதிர்பார்ப்புக்கு நேர்மாறு. குண்டிருந்தால் எரியும் வாயு குழலுள்ளே நெடுநேரந் தங்கும். ஆகவே சூடு மிகும் என்றே எவரும் எண்ணுவர். உலோகத்தின் உள்ளே எழும் அதிர்வே சூட்டுக்குக் காரணம் என அவர் கருதினார். இற்றை விஞ்ஞானம் வேறு வகையாக விளக்கும்: குண்டிருந்தால் மருந்தின் சக்தியில் ஒரு பங்கு அதனை உந்துவதிற் செலவாகின்றது, குண்டில்லையேல் அப்பங்கு அவ்வாறு செலவாவதில்லை. அவர் தந்த காரணம் முழுவதும் சரியன்று. ஆயினும் அசைவுக்கும் வெப்பத்துக்கும் உறவுண்டு என்னும் ஐயம் அன்று அவர் உள்ளத்தில் வித்தாக விழுந்தது. அது முளைத்துப் பயன்தரப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

இடையிலே போர் மீண்டும் அவரை அழைத்தது. அமெரிக்காவுக்குக் குதிரைப்படைத் தலைவராகச் சென்று, லோங் ஐலண்டிலே ஹன்டிங்டன் என்னும் ஊரின் இடுகாட்டில் அரண் கட்டினார். ஊர்த் தேவாலயத்தின் மரங்களைப் பிரித்து அரணுக்கு எடுத்தார். கல்லறைக் கற்களைக் கொண்டு அடுப்புக் கட்டுவித்தார். அவ்வூரார் அதனை நெடுங்காலம் மறக்கவில்லை. கல்லறைகள் இடிக்கப்படுவதன் துயரம் யாதென நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

போர் தோல்வியில் முடிந்தது. 1784ஆம் ஆண்டில் ஆங்கில அரசரிடம் ‘சேர்’ பட்டம் பெற்றுப் பவேரிய நாட்டுக்குச் சென்று, மன்னர் கார்ல் தியோடோரின் பணியில் அமர்ந்தார். அங்கே அவருடைய அறிவு முதன்முறையாக ஏழைகளின் பக்கந் திரும்பியது. மியூனிச் நகரத் தெருக்களிலே பிச்சைக்காரர் மலிந்திருந்தனர். 1790ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, படைவீரரைக் கொண்டு அவர்களைத் திரட்டி, தொழிற்சாலையொன்றில் வேலையும் உணவும் உடையும் அளிக்க ஏற்பாடு செய்தார். பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை நெடுநேரம் காய்ச்சி ஆக்கிய கஞ்சி அவர் பெயரால் ஐரோப்பா எங்கும் வழங்கியது. உருளைக்கிழங்கை வெறுத்த மக்கள் அறியாவண்ணம் முதலில் அதனைக் கரையக் காய்ச்சிச் சேர்த்தார். குறைந்த விறகில் மிகுந்த உணவு சமைக்கும் அடுப்புகளை அமைத்தார். அவர் வகுத்த ஆங்கிலப் பூங்கா இன்றும் மியூனிச்சில் மக்கள் உலாவும் இடமாக விளங்குகின்றது. இத்தொண்டுகளுக்காகப் பிரபுப் பட்டம் வழங்கப்பட்டபோது, தாம் விட்டோடிய ஊரின் பழம்பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். அவ்வாறே அவர் ரம்போட் பிரபு ஆயினார்.

வெடிமருந்தின் மீதிருந்த ஆவலும் தணியவில்லை. அடைபட்ட சிறு குழலிலே மருந்தை எரியச் செய்து, அதன் வாயை 8081 இறாத்தல் நிறையுள்ள பீரங்கியொன்றால் அமுக்கி, அதனை மருந்து தூக்குகின்றதா என்று பார்த்தார். குழலே பிளந்து சிதறியது. மருந்தின் அமுக்கம் வளிமண்டலத்தின் அமுக்கத்தைப் போல ஐம்பதாயிரம் மடங்குக்கு மேற்படும் எனக் கணித்தார். ரொபின்ஸ் ஆயிரம் மடங்கென்றே கணித்திருந்தார். ரம்போட்டின் கணக்கு மிகையானது எனப் பிற்காலத்தார் கண்டனர். அளவுகோலைக் கையில் எடுத்தவர்க்கும் வழுவுண்டு. ஆயினும் அளந்தவனின் வழுவைப் பின்வருவோர் திருத்தலாம். அளவாதவனின் கூற்றிலே திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

இனி, பாடநூலின் அவ்வொரு வரிக்கு வருவோம். மியூனிச்சின் படைக்கலச்சாலை ரம்போட்டின் மேற்பார்வையில் இருந்தது. அங்கே பித்தளைப் பீரங்கிகளைத் திண்மமாக வார்த்துப் பின்னர்த் துளைப்பது வழக்கம். துளைக்கும்போது பீரங்கி விரைவிற் சூடேறுவதையும், வெளிவரும் உலோகத் துருவல் கொதிநீரினும் வெப்பமாயிருப்பதையும் அவர் கண்டார். தொழிலாளர் அதனை நாள்தோறுங் கண்டவரே. ஒன்றையொன்று உரசினால் தீப்பிறக்கும் என்பதை உலகம் முழுவதும் பண்டே அறியும். நம் சங்கச் சான்றோர் தீக்கடையும் கோலை ஞெலிகோல் என்றனர். கடைந்தாற் பிறக்கும் என்பதை எல்லாரும் அறிவர். பிறப்பதற்கு முன் அது எங்கே இருந்தது என்பதுதான் வினா.

அக்காலத்து அறிஞர் பெரும்பாலோர் கொண்ட விடை இது: வெப்பம் என்பது நிறையற்ற ஒரு பாய்மம், பொருள்களினுள்ளே மறைந்திருக்கும், உராயும்போது பிழிந்தாற்போல வெளிப்படும். பிரான்சு நாட்டுப் பேரறிஞர் இலவோசியே அதற்குக் கலோரிக் எனப் பெயரிட்டுத் தனிமங்களுள் ஒன்றாக வைத்தார். பாய்மமாயின் அது தீர்தல் வேண்டும். கிணறும் இறைக்க இறைக்க ஒருநாள் வற்றும். ரம்போட் அந்தக் கிணற்றை வற்றும்வரை இறைத்துப் பார்க்கத் துணிந்தார்.

பீரங்கி வார்க்கும்போது வாய்ப்புறத்தில் மிகையாக விடப்படும் உலோகப் பகுதி பின்னர் வெட்டி எறியப்படும். அப்பகுதியையே அவர் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். 113 இறாத்தலுக்குச் சற்று மேற்பட்ட அவ்வுருளையினுள், மழுங்கிய துறப்பணம் ஒன்றைப் பேரமுக்கத்துடன் அழுத்தி, குதிரைகளைக் கொண்டு உருளையை நிமிடத்துக்கு 32 முறை சுழலச் செய்தார். அரைமணித்தியாலத்தில் அதன் வெப்பநிலை பரனைற் அளவில் 60 பாகையிலிருந்து 130 பாகைக்கு உயர்ந்தது. தேய்ந்து விழுந்த துருவலோ 837 கிரெயின். அஃதாவது இரண்டு அவுன்சும் நிரம்பவில்லை. அச்சிறு துருவலிலிருந்தா இவ்வளவு பெரிய உலோகத்தைச் சூடாக்கிய வெப்பம் வெளிப்பட்டது? துருவலின் தன்வெப்பத்தையும் அளந்தார், அது மாறவில்லை.

அடுத்து, உருளையைச் சுற்றிப் பெட்டியொன்று அமைத்து, 18¾ இறாத்தல் அளவான தண்ணீரை நிரப்பினார். காற்றிலிருந்து வெப்பம் வந்ததென எவருஞ் சொல்லாதிருத்தற்பொருட்டு உலோகம் நீருள் அமிழ்ந்திருந்தது. குதிரைகள் நடந்தன. ஒரு மணித்தியாலத்தில் நீர் 107 பாகை ஆயிற்று. இரண்டு மணித்தியாலத்தில் 178 பாகை. இரண்டரை மணித்தியாலத்தில் நீர் கொதித்தது. தீயின்றி நீர் கொதிப்பதைக் கண்டு சூழ நின்றோர் வியப்பில் ஆழ்ந்தனர். தமக்கும் அப்போது சிறுபிள்ளையின் மகிழ்ச்சி உண்டாயிற்றென அவர் வெட்கமின்றி எழுதிவைத்தார். ஓயாப் பொறியைக் கனவு கண்டு இரவில் நடந்த சிறுவனை ஈண்டு மீண்டும் காண்கின்றோம்.

குதிரைகள் நடக்கும் வரைக்கும் வெப்பம் வந்துகொண்டேயிருந்தது. வற்றும் குறி எதுவும் இல்லை. எல்லையின்றித் தரப்படுவது பொருளாக இருத்தல் இயலாது. அஃது அசைவேயாதல் வேண்டும் என அவர் முடிவு செய்தார். 1798ஆம் ஆண்டு சனவரி 25ஆந் திகதி இக்கட்டுரை றோயல் சங்கத்திலே படிக்கப்பட்டது. அறிஞர் உலகம் உடனே ஏற்கவில்லை. அரைநூற்றாண்டு கழிந்து, யூல் ரம்போட்டின் எண்களையே எடுத்து, ஒரு குதிரையின் வேலையளவை வைத்துக் கணக்கிட்டு, ஓர் இறாத்தல் நீரை ஒரு பாகை சூடாக்க 1034 அடி-இறாத்தல் வேலை வேண்டும் என்னும் பெறுபேற்றை அடைந்தார். தமது நுண்ணிய பரிசோதனையால் யூல் கண்டது 772. எடுத்துக் கணக்கிடத்தக்க எண்களை விட்டுச் சென்றமையே ரம்போட்டின் பெருந்தொண்டு.

அதன்பின் அவர் இலண்டனில் 1799ஆம் ஆண்டிலே றோயல் இன்ஸ்ரிரியூசனை நிறுவுவதில் முன்னின்றார். இளைஞராயிருந்த ஹம்பிரி டேவியை அங்கு வரவழைத்தார். டேவியின் வழியாகப் பின்னர் மைக்கேல் பரடே அங்கு வந்து சேர்ந்தார். தம் கண்டுபிடிப்புகளைத் தனியுரிமையாக்கிப் பொருளீட்ட ரம்போட் விரும்பவில்லை. தம் பணத்தைக் கொண்டு வெப்பம், ஒளி ஆராய்வோர்க்குப் பரிசில்கள் அமைத்தார்.

வீட்டு வாழ்வோ வேறு வகையாக முடிந்தது. 1805ஆம் ஆண்டில் அவர் மணந்த பாரிஸ் நகரப் பெண்மணி வேறெவருமல்லர். கலோரிக்குக்குப் பெயரிட்ட இலவோசியேயின் கைம்பெண். இலவோசியேயும் பிரான்சின் வெடிமருந்து ஆலைகளை நடாத்தியவர். புரட்சிக் காலத்தில், 1794ஆம் ஆண்டு, தலை வெட்டுண்டவர். அம்மணம் நான்காண்டுகளிற் பிரிவில் முடிந்தது. மனைவி அழைத்த விருந்தினர் உட்புகாவாறு ரம்போட் வாயிற் கதவைப் பூட்டினார் என்றும், அம்மையார் சினந்து அவர் வளர்த்த பூஞ்செடிகளிற் கொதிநீரை ஊற்றினார் என்றும் வரலாறு கூறும். 1814ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆந் திகதி பாரிஸை அடுத்த ஓத்தையில் அவர் இறந்தார்.

மனைவியை விட்டோடியவரும், அயலாரை ஒற்றறிந்தவரும், கல்லறைக் கல்லில் அடுப்பமைத்தவரும் இவரே. பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தவரும், வெப்பத்தின் இயல்பை உலகுக்கு உணர்த்தியவரும் இவரே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. அறிவு ஒழுக்கத்தைத் தானாகவே தந்துவிடும் என்று மாணாக்கரை நம்பச் செய்தால், பின்னொருநாள் அவர் அறிவையும் நம்பாதொழிவர்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை அவ்வொரு வரியைப் படிப்பிக்கும்போது, விடையைச் சொல்லுமுன்னர்ப் பிள்ளைகளின் உள்ளங்கைகளை உரசச் சொல்லுங்கள். சூடு எங்கிருந்து வந்தது, எவ்வளவு நேரம் உரசினால் அது தீரும் என்று கேளுங்கள். வெடியும் வேண்டாம், குழலும் வேண்டாம். அன்று மியூனிச்சிலே நீரைக் கொதிக்கவைத்த அப்பீரங்கியும் குண்டெதனையும் சுடவில்லை.